கிடாய்க்காகக் கெடுத்த கதவு

பொலிஷ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும், இப்போது இரண்டு மூன்று தங்கைமாரும் வந்திருப்பதாகக் கேள்வி, அவர்களுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கொம்பவுண்ட் பசை நல்லது, மெசினை எந்த வேகத்தில் விடுவது என்றெல்லாம் என்னிடம் கேட்டு வராதீர்கள். அது டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. போதாதென்றால் உங்கள் கையிலிருக்கும் போனில் ஆயிரம் பேர் காட்டித் தருவார்கள். நான் நெல்லியடியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார்களில் கீறல் எடுத்து மினுக்கியவன். தோள்மூட்டு இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் வீட்டில் இருக்கிறேன். உங்களுக்குத் தர என்னிடம் இருப்பது, ஒரு கிடாயின் வழக்கில் நான் சாட்சி சொன்ன கதை. சிரிக்கலாம். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள், என்னையும் கிடாயின் சொந்தக்காரி தவமணியையும் தவிர.

தொண்டைமானாற்றுப் பக்கம் பௌதிகவியல் ரியூசன் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரியாத பாடமில்லை. கார் கழுவ மட்டும்தான் தெரியாது. யப்பானிலிருந்து வந்த கறுப்புக் காரை வாங்கி, ஞாயிறு தவறாமல் சவர்க்காரத் தூளும் தென்னந்தும்பும் போட்டுத் தேய்த்திருக்கிறார், சட்டி கழுவுகிற மாதிரி. ஆறு மாதத்தில் காரின் உடம்பெல்லாம் கீறல். அப்போதுதான் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணை, புது வகுப்பு தொடங்கிறன். சந்தியிலை பெரிய பனர் கட்டப்போறன். காரிலை சாஞ்சுகொண்டு நிக்கிற மாதிரிப் படம். நாளைக்கு நாலு மணிக்குப் படக்காரன் வாறான். அதுக்கு முதல் முடிச்சுத் தருவியளே?"

நாலு மணிக்குள் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "ஓம்" என்றேன். ஊரில் நாலாயிரம் பிள்ளைகள் பார்க்கப் போகிற பனரில் என் வேலை தொங்கும் என்ற ஆசை. உங்களுக்கும் அது வரும், அப்போது ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மறுநாள் அவர் வீட்டு வேப்பமரத்தின் கீழேயே வைத்து வேலை செய்தேன். பொனட், கூரை, வலது பக்கம் எல்லாம் என் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த வேலை. இடது பக்கக் கதவுகளைத் தொடங்கும்போது மூன்று மணி. சுழலும் மெசினில் ஒட்டியிருந்த வட்டப் பஞ்சு கழன்று கீழே விழுந்தது. கீழே கடற்கரை வெள்ளை மணல்.

மாற்றுப் பஞ்சு நெல்லியடியில் என் கடையில் இருந்தது. போய்வர முக்கால் மணித்தியாலம். நான் பஞ்சை எடுத்தேன், தொடையில் இரண்டு தட்டுத் தட்டினேன், திரும்ப மெசினில் ஒட்டினேன். மரநிழலில் பார்க்கையில் எல்லாம் மினுங்கியது. படக்காரரும் வலது பக்கத்தைத்தான் எடுத்தார். மாஸ்டர் வலது கதவைப் பார்த்துத் தலை சீவினார். "அண்ணை, உங்கடை கை தங்கக் கை" என்று என் கையைப் பிடித்தார். கொம்பவுண்ட் அவர் வெள்ளைச் சேட்டில் பட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

இனித் தவமணி. மாஸ்டர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, அதே ஒழுங்கையில் மகளோடு இருக்கிறாள். அவளிடம் ஒரு கிடாய் உண்டு. ஊரிலுள்ள மறி ஆடுகளையெல்லாம் அதனிடம்தான் கொண்டுவருவார்கள், அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். அவள் வீட்டில் அடுப்பு எரிவது மாப்பிள்ளையால்தான். தொழில் அப்படி என்பதால் மாப்பிள்ளைக்கு ஒரு குணம் இருந்தது. ஒழுங்கையில் இன்னொரு கிடாய் தலைகாட்டினால் அதற்குப் பொறுக்காது.

வேலை முடிந்த மூன்றாம் நாள் காலையில், குழை தின்னப் போன மாப்பிள்ளை மாஸ்டர் வீட்டைக் கடந்திருக்கிறது. வேலி பிரித்துக் கிடந்த இடத்தில் கார் வலது பக்கத்தை ஒழுங்கைக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நான் மினுக்கிய பின்கதவில் இன்னொரு கிடாய், அதே தாடியோடு, அதே திமிரோடு மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை நாலடி பின்னுக்குப் போய் ஒரே ஓட்டமாக வந்து இடித்தது. கதவில், தேத்தண்ணியோடு கடிக்கும் பணிஸ் அளவுக்கு ஒரு பள்ளம்.

மாஸ்டர் சாரத்தோடு ஓடிவந்து காரைச் சுற்றிப் பார்த்தார். காலை வெயில் இடது பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே இரண்டு கதவிலும் வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கில் மெல்லிய கீறல். அவை யாருடைய கீறல் என்று உங்களுக்குத் தெரியும். மாஸ்டருக்குத் தெரியாது. கிடாய் தினமும் வேலிக்குள்ளால் வந்து அந்தப் பக்கத்தில் முதுகு தேய்த்திருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு போனது.

முதல் அமர்வில் நான் இல்லை. அங்கே நடந்ததைப் பிறகு கேட்டறிந்தேன். ஒரு தரம் இடித்தது தற்செயல், கட்டி வளர்த்தால் போதும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் விடவில்லை. பள்ளத்தை மன்னிக்கலாம், தினமும் வந்து காரை நாசமாக்கும் மிருகத்தை மன்னிக்க முடியாது, அது ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றார். அதற்குத் தவமணி எழுந்து, "கீறலும் அவன்தான் போட்டவன் எண்டு தொழில் தெரிஞ்ச ஒரு ஆள் வந்து சொல்லட்டும். நானே அவனைக் கொண்டுபோய் வித்துப்போடுறன்" என்று சொல்லிவிட்டாள். வயதுபோன கிடாயை வாங்க ஒரே ஒரு வகை ஆள்தான் இருக்கிறார், அவர் கையில் கத்தி இருக்கும். சபை, தொழில் தெரிந்த ஆள் யார் என்று கேட்டது. இருவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். என் பெயரை.

அடுத்த அமர்வுக்கு முதல்நாள் மாஸ்டர் கதலி வாழைக்குலையோடு வந்தார்.

"பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை, அண்ணை. ஊத்தை உடம்போடை ஆடு தேய்ச்சால் கார் கீறுப்படும். உண்மைதானே?"

"உண்மைதான்."

"அதை மட்டும் சொன்னாக் காணும்."

இந்த மனிதன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று பாருங்கள். அந்த ஒரு வசனத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதைச் சொன்னால் என் பெயருக்கும் ஒன்றும் இல்லை. குலையை வாங்கி உள்ளே வைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் போய் அரை மணித்தியாலத்தில் தவமணி வந்தாள், கயிற்றில் மாப்பிள்ளையோடு.

"நான் ஒண்டும் கேக்க வரேல்லை, அண்ணை. இவனை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. வெள்ளிக்கு வெள்ளி சீயாக்காய் வைச்சுத் தோயவாக்கிறனான்."

தொட்டேன். மணம் வேறு விடயம், அதைப் பற்றி இங்கே வேண்டாம். ஆனால் முதுகு மயிர், சத்தியமாகச் சொல்கிறேன், என்னிடமிருந்த விலைகூடிய துடைதுணியைவிட மெதுமையாக இருந்தது. ஒரு மண் இல்லை. மயிரை விலக்கித் தோல்வரை பார்த்தேன், விரலை நக்கி ஒற்றிப் பார்த்தேன். மாப்பிள்ளை பொறுமையாக நின்று கொடுத்தது. என் மனைவி வாசலில் வந்து நின்று, எனக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"தாய் செத்த அண்டு பிறந்தவன். போத்தில்பால் குடுத்துத்தான் வளத்தனான்" என்றாள் தவமணி. கயிற்றின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லவில்லை. இரவு வாழைப்பழமும் சாப்பிட்டேன்.

அமர்வு சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துத் திறந்த மண்டபத்தில். மூன்று மத்தியஸ்தர்கள். தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். முற்றத்தில் கார் நின்றது. அதற்கு எதிர்ப்பக்கம் கொன்றை மரத்தில் மாப்பிள்ளை கட்டியிருந்தது. வீட்டில் தனியே விட்டால் யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் தவமணி கையோடு கொண்டுவந்திருந்தாள். வேடிக்கை பார்க்க நாற்பது பேராவது வந்திருந்தார்கள்.

மாஸ்டர் கரும்பலகையைக் கண்டதும் சும்மா இருக்க முடியாமல் எழுந்து போனார். கிடாயின் இடிக்குக் காரின் மினுக்கம்தான் காரணம் என்று தவமணி முதல் அமர்வில் சொன்னதை முறியடிக்க வேண்டுமாம். கதவை ஒரு கோடாக வரைந்தார். படுகோணம், தெறிகோணம் குறித்தார். ஆட்டின் கண்ணிலிருந்து இரண்டு கதிர் கீறினார்.

"ஆகவே, இந்த உயரத்திலை நிக்கிற ஒரு ஆட்டுக்குத் தன்ரை விம்பம் முழுசாத் தெரியாது. கொம்பும் தாடியும் மட்டும்தான் தெரியும்."

"அவனுக்கு அவ்வளவும் காணும்" என்றாள் தவமணி.

சனம் சிரித்தது. தலைவர் அம்மா மேசையில் தட்டினார். "மாஸ்டர், ஆடு உங்கடை வகுப்புக்கு வாறேல்லைத்தானே? இருங்கோ. தம்பி, நீர் வாரும். அந்தப் பக்கத்துக் கீறல் எப்பிடி வந்தது?"

எழுந்து நின்றேன். நாற்பது பேரில் இருபது பேருடைய வாகனம் நான் தொட்டது. "அதுக்குப் பல காரணம் இருக்கலாம், அம்மா" என்றேன். "ஊத்தை உடம்போடை ஆடு தேய்ச்சாலும் கீறுப்படும்."

தம்பிமாரே, ஒருவன் "பல காரணம் இருக்கலாம்" என்று சொன்னால், ஒரு காரணம் அவனுக்கு நன்றாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தத் தொழிலில் கண்ட மிகப் பெரிய அழுக்கு அன்றைக்கு என் வாயிலிருந்துதான் வந்தது.

தலைவர் அம்மா எழுதத் தொடங்கினார். தவமணி எழுந்தாள். கொன்றை மரத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போகிறாள். அவிழ்த்துக்கொண்டே, தனக்குத் தானே கேட்பதுபோல என்னைக் கேட்டாள்.

"அதுசரி அண்ணை, அவன் ஏன் வட்டம் வட்டமாத் தேய்க்கவேணும்?"

யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு மட்டும் அது விளங்கியது. ஆடு முன்னுக்கும் பின்னுக்கும் தேய்க்கும். ஒரே அளவில் வட்டம் போட உலகத்தில் ஒரு ஆடும் இல்லை.

"அம்மா, எழுதாதேங்கோ" என்றேன். "அது ஆடில்லை. நான். பஞ்சு மணலிலை விழுந்தது. தட்டிப்போட்டுத் திருப்பிப் போட்டனான். அது என்ரை கீறல்."

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. ஒருவரும் நம்பவில்லை.

"பாத்தியளே அம்மா!" மாஸ்டர் எழுந்துவிட்டார். "ஒரு வாயில்லாச் சீவனுக்காக அண்ணை தன்ரை பேரையே கெடுக்கிறார். இப்பிடி ஒரு மனிசனை நான் கண்டதில்லை. ஆனால் நியாயம் எண்டு ஒண்டு இருக்கு."

சனம் கைதட்டியது. பின்னாலிருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். தலைவர் அம்மாவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "தம்பி, உம்மடை இரக்கம் விளங்குது. ஆனால் இஞ்சை உண்மைதான் வேணும்" என்றார். இருபது வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நல்ல பெயர், நான் சொன்ன ஒரேயொரு உண்மையைப் பொய்யாக்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மீது கோபம் என்றும் தெரியவில்லை.

"செய்து காட்டுறன்" என்று சொல்லிவிட்டு என் ஓட்டோவிலிருந்து மெசினையும் பெட்டியையும் எடுத்துவந்தேன். பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து வயர் இழுத்தோம். இடது முன்கதவில் ஒரு தினசரிப் பத்திரிகை அளவு இடத்தைப் புதுப் பஞ்சால் எடுத்தேன். வட்டங்கள் போய்க் கறுப்புக் கண்ணாடியாக வந்தது. நாற்பது முகமும் அதில் தெரிந்தன.

"இதாலை என்ன தெரியுது?" என்றார் மாஸ்டர். "ஆடு போட்ட கீறலை உங்களாலை எடுக்க ஏலும் எண்டுதான் தெரியுது."

கெட்டிக்காரன் என்று சொன்னேன் அல்லவா.

அப்போது பஞ்சைக் கழற்றினேன். எல்லாரும் பார்க்க மணலில் போட்டேன். எடுத்தேன். தொடையில் இரண்டு தட்டுத் தட்டினேன், அன்றைக்குத் தட்டிய மாதிரியே. மெசினில் ஒட்டி, நான் மினுக்கிய இடத்தில் சரிபாதியை வேண்டுமென்றே கெடுத்தேன். கை அந்த வேலைக்கு மறுத்தது. மெசினைப் பிடித்த நாள் முதல் கீறல் எடுத்த கை, கீறல் போடமாட்டேன் என்று நின்றது. இடது கையால் வலது கையைப் பிடித்து அழுத்தித்தான் போட்டேன். மெசினை நிறுத்தி, தண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டு, "வெயிலுக்குப் பாருங்கோ" என்றேன்.

வட்டம் வட்டமாக நின்றது. மற்றக் கதவில் இருந்ததுபோல, அளவுகூட மாறாமல்.

தலைவர் அம்மா குனிந்து இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப மாப்பிள்ளை இதிலை விடுதலை" என்றார் தலைவர் அம்மா. தவமணி அப்படியே மணலில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதனால்தான் கயிறு கையைவிட்டுப் போனது.

மாப்பிள்ளை மெதுவாக நடந்து காரடிக்கு வந்தது. நான் அப்போதும் கதவடியில் முழந்தாளில் இருந்தேன். கீறிக்கிடந்த பின்கதவை அது திரும்பியும் பார்க்கவில்லை. நான் அப்போது கெடுத்த பாதியையும் சும்மா கடந்தது. மினுக்கிய பாதிக்கு வந்ததும் நின்றது. தாடியை உயர்த்தியது. நாலடி பின்னுக்குப் போனது.

"பிடியுங்கோ! என்ரை கார்!" என்று மாஸ்டர் கத்தினார்.

ஒரு மனிதன் அந்த இடத்தில் விலகி ஓடுவான். நான் கதவை மறைத்துக்கொண்டு அதன்மீது சாய்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அப்போதுதான் மினுக்கிய இடம். இடி என் இடுப்பில் விழுந்தது, இரண்டு கிழமை நொண்டினேன். நிலத்தில் கிடக்கும்போது தலைவர் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "மாஸ்டர், அது தன்ரை விம்பத்தைக் கண்டுதான் இடிச்சது எண்டு நான் எழுதிக்கொள்ளட்டே?"

"எழுதுங்கோ" என்றார் மாஸ்டர். கொம்பும் தாடியும் மட்டும்தான் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

வாழைக்குலைக்கு ஈடாக வேறொரு குலை வாங்கி மாஸ்டருக்குக் கொடுத்தேன். என் மனைவிக்கு அதன் காரணம் இன்றுவரை தெரியாது. இடுப்பு ஓரளவு நிமிர்ந்ததும், என் பிழையை என் கையாலேயே திருத்திவிட வேண்டும் என்று புதுப் பஞ்சு ஆறு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நாலு மணி அவசரம் எதுவும் இல்லை. இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். வலது கதவுப் பள்ளம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. கார் மட்டும் திரும்பி நின்றது. இப்போது இடது பக்கம் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தேன். மாஸ்டர் வந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, உதிலை கைவைக்காதேங்கோ."

"ஏன் மாஸ்டர்? வடிவாச் செய்து தாறன்."

"வடிவாச் செய்தால் உவன் பேந்தும் வந்து இடிப்பான். நாலு நாளாய்ப் பாக்கிறன். இந்தப் பக்கத்தாலை போகேக்கை திரும்பியும் பாக்கிறானில்லை. அந்த மினுக்கின பாதியையும் மற்ற மாதிரியே ஆக்கிவிடுங்கோ."

அவர் பகிடி விடவில்லை. பௌதிகவியல்படி யோசித்துத்தான் கேட்கிறார். அவர் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், தவமணி கயிற்றோடு நின்றாள். அவளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஞ்சை மணலில் போட்டு எடுத்து, மிஞ்சியிருந்த நல்ல பாதியையும் கெடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது. காலை வெயிலில் நெல்லியடிச் சந்தியில் வந்து நிற்கும்போது, இடது பக்கத்து வட்டங்களைக் கண் உள்ளவன் எவனும் காணலாம். உங்களைப் போலத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள், இதை எந்த விசரன் செய்தவன் என்று மாஸ்டரிடம் கேட்கிறார்களாம். அவர் பெருமையோடு என் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வழியும் காட்டிவிடுகிறார்.